இயர்போன் பொத்தானும் ஓம் விதியும்

"டீச்சர், பாட்டுல மேளம் எல்லாம் கேக்குது. பாடுறவங்க குரல் மட்டும் காணோம். நீங்க பேசின பாடம் சுத்தமாவே கேக்கல."

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொண்டே, முந்தின நாள் நான் கொடுத்த இயர்போனைத் திருப்பிக் கொடுத்தாள். கெட்டுப்போனது என்று நினைத்து மேசைக்குள் போடப் போனேன். அவள் விடவில்லை.

"ஒயர்ல ஒரு பட்டன் இருக்குல்ல டீச்சர், அத அழுத்திப் பிடிச்சா உங்க குரல் நல்லா வருது. விட்டா போயிடுது."

இயற்பியல் படித்து, பல ஆண்டுகளாக மின்னோட்டவியல் நடத்திவரும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். மாணவருக்கு இயர்போன் வாங்கித் தர நினைக்கும் ஆசிரியருக்கும், ஓம் விதியை எங்கே பொருத்திக் காட்டுவது என்று யோசிக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் இது பயன்படும்.

ஏன் இயர்போன் தேவைப்பட்டது?

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உள்ளன. எங்கள் பள்ளி அங்கேதான் இருக்கிறது. சாமை விதைத்து அறுக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். மேலே சொன்ன மாணவிக்குப் பிறவியிலேயே பார்வைக் குறைபாடு. கரும்பலகை அவளுக்கு மங்கலாகத்தான் தெரியும். புத்தகத்தை முகத்தருகே வைத்துச் சிறிது நேரம் படிப்பாள். பிறகு கண்ணில் நீர் வடியும், தலை வலிக்கும். ஆகவே அவள் படிப்பதெல்லாம் காது வழியாகத்தான்.

பாடநூலில் கியூ.ஆர். குறியீடுகள் இருக்கின்றன. ஆனால் அவள் வீட்டருகே சிக்னல் நிலையாகக் கிடைப்பதில்லை. அதனால் அறிவியல் பாடங்களை நானே என் குரலில் செல்போனில் பதிவு செய்து, மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய அண்ணனின் பழைய ஸ்மார்ட்போனில் அதைக் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து, "எவ்வளவு கேட்டிருக்கிறாய்?" என்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். போனின் திரை வழவழப்பான கண்ணாடி. நிறுத்தும் இடம் எது, திரும்பக் கேட்கும் இடம் எது என்று விரலுக்குத் தெரியாது. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் பழக்கத் தொடங்கியிருந்தோம். ஆனால் பாடம் ஓடும்போதே அந்தக் குரலும் சேர்ந்து பேசியதில் அவள் குழம்பினாள். எனவே பக்கத்தில் சித்தப்பா மகள் உட்கார வேண்டும். "நிறுத்து", "மறுபடி போடு" என்று அவளிடம் கேட்க வேண்டும்.

"ரெண்டு தடவ கேப்பேன் டீச்சர். மூணாவது தடவ கேக்க ஒரு மாதிரி இருக்கும். புரிஞ்ச மாதிரி விட்டுடுவேன்."

நம் வகுப்பறையில் கண் நன்றாகத் தெரிகிற பிள்ளைகளும் இப்படித்தானே? மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு, புரிந்ததுபோல் தலையாட்டும் பிள்ளைகள் எத்தனை பேர்! பாடத்தை நிறுத்தவும் திரும்பக் கேட்கவும் அவள் கைக்கே ஒரு வசதி வேண்டும். விரலால் தடவி உணரக்கூடிய பொத்தான் உள்ள இயர்போன் போதும் என்று தோன்றியது. என் வீட்டில் பழைய செல்போனோடு வந்த இயர்போன் ஒன்று கிடந்தது, அதைக் கொடுத்தேன். அதில்தான் குரல் காணாமல் போனது.

பின்னைக் கவனியுங்கள்

இயர்போன் பின்னின் தடிமன் 3.5 மி.மீ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட 6.35 மி.மீ. பின்னின் சிறிய வடிவம் இது. அதன் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு (சிலவற்றில் வெள்ளை) கோடுகள் தெரியும். அவை மின்கடத்தாப் பொருளாலானவை. இரண்டு கோடுகள் இருந்தால் உலோகம் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள்: இடக்காது, வலக்காது, இரண்டுக்கும் பொதுவான கம்பி. இதில் பாட்டுக் கேட்கலாம். மைக்கும் பொத்தானும் வேலை செய்ய வழியில்லை. மூன்று கோடுகள் இருந்தால் பகுதிகள் நான்கு. நான்காவது பகுதி மைக்குக்கு உரியது. பொத்தானும் அதே மைக் கம்பியில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது.

நுனி இடக்காதுக்கு, அடுத்த வளையம் வலக்காதுக்கு என்பதில் மாற்றமில்லை. மீதி இரண்டில்தான் குழப்பம். சி.டி.ஐ.ஏ. என்னும் முறையில் மூன்றாவது பகுதி பொதுக் கம்பி, நான்காவது மைக். ஓ.எம்.டி.பி. என்னும் முறையில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய நோக்கியா, சோனி எரிக்சன் போன்கள் பலவற்றில் இரண்டாவது முறை இருந்தது. இன்றைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் முதல் முறையே. இரண்டு பின்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் துளையிலும் சரியாக நுழையும். நான் கொடுத்தது பழைய முறை. அவளுடைய போன் புதிய முறை.

குரல் எங்கே போனது?

ஒரு காதின் ஒலிபெருக்கி வேலை செய்ய இரண்டு முனைகள் வேண்டும். ஒன்றில் சைகை வரும்; மற்றொன்று, திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி. பொதுக் கம்பி இடம் மாறியதால் திரும்பும் வழி அடைபட்டது. அப்போது இடக்காதும் வலக்காதும் ஒன்றோடொன்று தொடர் இணைப்பில் சேர்ந்துவிடுகின்றன. இடப்பக்க மின்னழுத்தத்துக்கும் வலப்பக்க மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அவற்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தும்.

இரண்டு தொட்டிகளைக் கீழே ஒரு குழாயால் இணைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் குழாயில் நீர் ஓடாது. மின்னழுத்த வேறுபாட்டைக் கற்பிக்க நாம் எல்லோரும் சொல்லும் உதாரணம்தான்.

சினிமாப் பாடல்களில் பாடுபவரின் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சம அளவில் வைப்பார்கள். சமம் என்றால் வேறுபாடு பூஜ்யம். ஆகவே குரல் மறைந்துவிடுகிறது. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வைத்த வாத்தியங்கள் கேட்கின்றன. என் பாடமோ போனின் ஒரே மைக்கில் பதிவானது. இடமும் வலமும் அச்சு மாறாமல் ஒன்றே. வேறுபாடு எதுவும் இல்லாததால் முழுப் பாடமும் மௌனமாகிவிட்டது!

பொத்தானை அழுத்தினால் மைக் கம்பியும் பொதுக் கம்பியும் ஒன்றாக இணைகின்றன. அடைபட்ட வழி திறக்கிறது, குரல் வருகிறது. ஆக, அந்தப் பிள்ளை தன் விரலாலும் காதாலும் கண்டுபிடித்தது இந்த இயர்போனின் நோய்க்குச் சரியான பரிசோதனை. உங்கள் கையில் உள்ள இயர்போனில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? பொத்தானை அழுத்திப் பிடித்தால் சரியாகிறதா? அது கெட்டுப்போகவில்லை, உங்கள் போனுக்குப் பொருந்தாத முறையைச் சேர்ந்தது.

இரண்டாவது இயர்போன்

அடுத்த முறை மலையிறங்கித் திருப்பத்தூர் சென்றபோது மூன்று பொத்தான்கள் உள்ள புதிய இயர்போன் ஒன்றை வாங்கினேன். குரல் தெளிவாக வந்தது. நடுப் பொத்தான் பாடத்தை நிறுத்தியது. ஆனால் ஒலியைக் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் அசையவே இல்லை. அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அது ஐபோனுக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தது.

ஆண்ட்ராய்டு போன்களுக்கான இயர்போனில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மின்தடை உண்டு. நடுப் பொத்தானுக்கு 0 ஓம். அதாவது நேரடி இணைப்பு. ஒலி கூட்ட 240 ஓம். ஒலி குறைக்க 470 ஓம். சில இயர்போன்களில் நான்காவதாகக் குரல் கட்டளைக்கு 135 ஓம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதற்குரிய மின்தடை மைக் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே வந்து சேரும். மைக் கம்பியில் போன் எப்போதும் ஒரு சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மின்தடை மாறும்போது அந்த மின்னழுத்தமும் மாறுகிறது. அதை அளந்தே எந்தப் பொத்தான் என்று போன் தெரிந்துகொள்கிறது. ஒரே கம்பியில் மூன்று நான்கு கட்டளைகள் செல்வதன் இரகசியம் ஓம் விதிதான்.

ஐபோன் வகையில் நடுப் பொத்தான் மட்டும் இதே நேரடி இணைப்பு. அதனால் அது பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் வேலை செய்கிறது. ஒலி கூட்டவும் குறைக்கவும் பொத்தானுக்குள் ஒரு சிறு சில்லு இருந்து தனிச் சைகை அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு அந்தச் சைகை புரியாது.

வகுப்பறைச் செயல்பாடு

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியலும் ஒலியியலும் அடுத்தடுத்த அலகுகள். இயர்போன் இரண்டையும் இணைக்கும் பொருள். நான் செய்த செயல்பாடு இது.

தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலம் 2; மின்தடைகள்: 2200 ஓம் (சிவப்பு, சிவப்பு, சிவப்பு), 220 ஓம் (சிவப்பு, சிவப்பு, பழுப்பு), 470 ஓம் (மஞ்சள், ஊதா, பழுப்பு); மல்டிமீட்டர்; இணைப்புக் கம்பிகள். 240 ஓம் எளிதில் கிடைக்காததால் 220 ஓம் எடுத்துக்கொண்டோம்.

செய்முறை: மின்கலங்களைத் தொடராக இணைத்து 3 வோல்ட் பெறுங்கள். நேர் முனையில் 2200 ஓம் மின்தடையைச் சேருங்கள். அதன் மறுமுனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வையுங்கள். அந்த இடைவெளிதான் நம் 'பொத்தான்'. மின்கலமும் 2200 ஓமும் சேர்ந்தது 'போன்'.

1. இடைவெளியில் எதுவும் இணைக்காதபோது: 3 வோல்ட்.
2. வெறும் கம்பியால் இணைத்தால்: 0 வோல்ட். (நடுப் பொத்தான்)
3. 220 ஓம் இணைத்தால்: சுமார் 0.27 வோல்ட். (ஒலி கூட்டு)
4. 470 ஓம் இணைத்தால்: சுமார் 0.53 வோல்ட். (ஒலி குறை)

முதலில் கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது நிலையில் மொத்த மின்தடை 2420 ஓம். மின்னோட்டம் 3 ÷ 2420. அதை 220 ஆல் பெருக்கினால் விடை வரும். மின்கலம் சற்றுப் பழையதாக இருந்தால் அளவு குறையும். அதையும் பிள்ளைகளே காரணம் சொல்லி விளக்கட்டும்.

அடுத்து ஒரு விளையாட்டு. ஒரு குழு அட்டைக்குப் பின்னால் மறைத்து ஏதேனும் ஒரு மின்தடையை இணைக்கும். மற்றொரு குழு மீட்டரை மட்டும் பார்த்து, "நிறுத்து", "கூட்டு", "குறை" என்று சொல்ல வேண்டும். போன் செய்யும் வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்கள். எங்கள் வகுப்பில் மீட்டர் அளவை ஒரு மாணவன் உரக்க வாசித்தான். கட்டளையைச் சொன்னவள் நம் மாணவி. ஒருமுறைகூடத் தவறவில்லை.

விரைவாக முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மேல்நிலைக் கேள்வி. உண்மையான இயர்போனில் மைக்கும் பொத்தானும் பக்க இணைப்பில் உள்ளன. மைக்கின் மின்தடை 2000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 240 ஓம் பொத்தானை அழுத்தும்போது தொகுபயன் மின்தடை என்ன? விடை சுமார் 214 ஓம். 470 ஓமுக்குச் சுமார் 381 ஓம். மைக்குக்கு மைக் இந்த அளவு மாறும் அல்லவா? அதனால்தான் ஆண்ட்ராய்டு போன் ஒரே எண்ணை எதிர்பார்ப்பதில்லை. 210 முதல் 290 ஓம் வரை எதுவானாலும் 'கூட்டு', 360 முதல் 680 ஓம் வரை எதுவானாலும் 'குறை', 70 ஓமுக்குள் இருந்தால் 'நிறுத்து' என்று எடுத்துக்கொள்கிறது. அளவீட்டில் பிழைக்கு இடம்விட்டு வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போனின் துளை: 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, அல்லது டைப்-சி மட்டும்தானா என்று பாருங்கள். டைப்-சி மட்டும் என்றால் அதற்கான இயர்போனோ இணைப்பியோ வேண்டும். இணைப்பியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எண்முறைச் சைகையை ஒலியாக மாற்றும் சில்லு உள்ளது. மற்றொன்று, வெறும் கம்பி இணைப்பு. அதை ஏற்கும் போனில் மட்டுமே அது வேலை செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எந்தப் போனுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பின்னின் கோடுகள்: மூன்று கோடுகள் இருக்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பது: மூன்று பொத்தான் இயர்போன் என்றால் ஆண்ட்ராய்டுக்கா, ஐபோனுக்கா என்று பாருங்கள். ஒற்றைப் பொத்தான் போதுமென்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கடையிலேயே சோதனை: எந்தப் போனில் பயன்படுத்தப் போகிறோமோ அதையே எடுத்துச் செல்லுங்கள். பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒருவர் பேசும் பதிவைப் போட்டுக் கேளுங்கள். பொத்தானை ஒருமுறை, இருமுறை, மும்முறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஒருமுறை அழுத்தினால் நிற்கும். இருமுறைக்கு அடுத்த பதிவு. மும்முறைக்கு முந்தைய பதிவு.

விரலுக்குத் தெரிகிறதா: கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தேடுங்கள். மேடாகவோ பள்ளமாகவோ இருக்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் நடுப் பொத்தான்மேல் ஒரு சொட்டு பசை வைத்துக் காயவிட்டால் புள்ளி போல் நிற்கும்.

கம்பியில்லா புளூடூத் இயர்பட்ஸ் வாங்கலாமே என்று கேட்கலாம். கட்டளைகளை அனுப்ப அவற்றில் பொதுவான முறை ஒன்று இருப்பதால், நிறுத்துவதும் மாற்றுவதும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வேலை செய்யும். மின்தடைக் குழப்பம் இல்லை. ஆனால் அவற்றுக்குச் சார்ஜ் போட வேண்டும். சிறியவை என்பதால் தொலைந்துபோகும். பலவற்றில் பொத்தானுக்குப் பதிலாகத் தொடு பரப்புதான் உண்டு. அது மீண்டும் அதே வழவழப்பான கண்ணாடிச் சிக்கல். எங்கள் பிள்ளைகளுக்குக் கம்பியே நல்லது. பண்பலை வானொலி வசதி உள்ள போனில் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகவும் உதவும். இணையம் இல்லாத இடத்தில் இதுவும் ஒரு வசதி.

காதுக்கும் ஓர் அளவு

உலகச் சுகாதார நிறுவனம் செல்போன் போன்ற கருவிகளில் கேட்பதற்குப் பாதுகாப்பான அளவு ஒன்றைப் பரிந்துரைத்துள்ளது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே நேரம் 75 டெசிபல். டெசிபலை அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும் அளவுக்கு ஒலியை வைக்கச் சொல்லலாம். ஒருவரின் இயர்போனை மற்றவர் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். காது நோய் பரவும். சாலையில் நடக்கும்போது கூடவே கூடாது. காது வழியாகவே உலகை அறியும் பிள்ளைக்கு இந்த அறிவுரை இன்னும் முக்கியம்.

பாடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது

மூன்றாவதாக வாங்கிய ஒற்றைப் பொத்தான் இயர்போன் சரியாகப் பொருந்தியது. அப்போதுதான் என் பதிவிலிருந்த குறை தெரிந்தது. நாற்பது நிமிடப் பாடத்தை ஒரே பதிவாக வைத்திருந்தேன். ஒரு வரியைத் திரும்பக் கேட்க அவள் மும்முறை அழுத்தினால் பாடம் முதலிலிருந்து தொடங்கியது. பிறகு ஒவ்வொரு கருத்தையும் மூன்று நிமிடத் துண்டாகப் பிரித்துப் பதிவு செய்தேன். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அதன் தலைப்பைச் சொன்னேன். முடிவில் ஒரு கேள்வி வைத்தேன். மும்முறை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் மீண்டும் வரும். பாடத்தை இப்படிப் பிரித்தபோது, நான் வகுப்பில் எங்கே வேகமாக ஓடுகிறேன் என்பதும் எனக்கே புலப்பட்டது. இப்போது மற்ற பிள்ளைகளும் அதே துண்டுகளைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

ஓரிரு வாரம் கழித்து, "எந்தப் பகுதியை அதிகம் கேட்டாய்?" என்று அவளிடம் கேட்டேன்.

"பக்க இணைப்பு, டீச்சர். ஒன்பது தடவ கேட்டேன்" என்றாள். "யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

உங்கள் பள்ளி அலமாரியிலும் வீட்டு மேசையிலும் 'கெட்டுப்போனது' என்று ஒதுக்கிய இயர்போன்கள் இருக்கும். எடுத்து, பின்னின் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். போனுக்குப் பொருந்துவதை, மூன்றாவது முறை கேட்கத் தயங்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். பொருந்தாததை மின்னோட்டவியல் பாடம் நடத்தும் நாளில் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.